கடைக்கு வராத கோளாறு

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பரங்குன்றம் போகிற பஸ்ஸில் ஏறினால், பழங்காநத்தம் தாண்டியதும் கண்டக்டர் ‘பைக்காரா இறங்கு’ என்று குரல் கொடுப்பார். புதிதாக வருகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பைக்காரா ஊட்டிப் பக்கம் இருக்கிற ஆறு, நீர்வீழ்ச்சி. அங்கே 1932-இல் ஓட ஆரம்பித்த நீர்மின் நிலையத்தின் கரண்ட், மலையிறங்கி மதுரைச் சமவெளிக்கு வந்து சேர்ந்த துணைமின் நிலையம் இந்த ரோட்டில் அமைந்தது. அதனால் வந்த பெயர். அதற்கு அந்தப் பக்கம் பசுமலை. 1845 முதல் அமெரிக்க மிஷன்காரர்கள் பள்ளியும் செமினரியும் நடத்திய இடம். இன்றைக்குத் தல்லாகுளத்தில் இருக்கிற அமெரிக்கன் கல்லூரி 1881-இல் இந்த மலையடியில்தான் கல்லூரியாகத் தொடங்கியது. லெனாக்ஸ் அச்சகம் இங்கே ஓடியது. மலைமேலே ஹார்வி மில் துரைமார் குடியிருந்த பங்களா இன்றைக்கு ஹோட்டல். மில் தொழிலாளர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த ஹார்விபட்டி கொஞ்சம் தள்ளி. பள்ளிக்கூடம், அச்சகம், மில், கரண்ட் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால், இந்தப் பகுதியில் ரேடியோவும் அதை ரிப்பேர் பார்க்கிறவனும் சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

என் பெரியப்பா அப்படி வந்த ரேடியோ மெக்கானிக்குகளில் ஒருவர். அவரிடம் தொழில் கற்று, இதே ரோட்டில் கடை வைத்து, இன்றைக்கு ஸ்மார்ட் டிவி வரைக்கும் பார்க்கிறவன் நான். இந்தத் தொழிலின் வரலாற்றை யாராவது எழுதினால் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, கறுப்பு வெள்ளை போய்க் கலர் வந்தது என்றுதான் எழுதுவார்கள். அது கடைக்காரர் கணக்கு. மெக்கானிக்கின் வரலாறு கோளாறுகளின் வழியாக ஓடுகிறது. அதிலும் ஒரு வகைக் கோளாறு எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறது, யாரும் எழுதி வைத்ததில்லை. ஒரு பெட்டி இன்னொரு பெட்டியைத் தொந்தரவு செய்வது, எழுப்புவது, அணைப்பது. இரண்டு பெட்டியும் தனித்தனியே பார்த்தால் நல்ல பெட்டிகள். சேர்த்து வைத்தால்தான் வம்பு.

சென்னை வானொலி நிலையம் 1938-இல் வந்தது, திருச்சி 1939-இல். மதுரைக்காரர்கள் திருச்சியையும் இலங்கையையும் பிடித்துக் கேட்டார்கள். தபாலாபீஸில் லைசென்ஸ் புத்தகம் வாங்கி வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய காலம். திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் மீடியம் வேவ் தெளிவாகக் கிடைத்தது. பெரியப்பா சொன்ன முதல் அயல்வீட்டுச் சண்டை அந்தக் காலத்தைச் சேர்ந்தது. ஒரு வீட்டில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஒட்டுச் சுவருக்கு அப்புறம் யாரோ ஸ்டேஷன் தேடி முள்ளைத் திருப்புவார்கள். உடனே இந்த வீட்டு ரேடியோவில் ‘ஊய்’ என்று ஒரு விசில் ஏறி இறங்கும். இவர் ரேடியோ பழுது என்று தூக்கிக்கொண்டு வருவார். கடையில் வைத்துப் போட்டால் சுத்தமாகப் பாடும்.

காரணம் எளிது. ரேடியோ அலையை வாங்குவதோடு நிற்பதில்லை. எந்த ஸ்டேஷனுக்கு முள்ளை வைக்கிறோமோ அதைவிட 455 கிலோசைக்கிள் அதிகமாகத் தானே ஓர் அலையை உள்ளுக்குள் உண்டாக்கிக்கொள்ளும். வால்வு செட்டில் இசிஎச்81 என்ற வால்வு செய்கிற வேலை அது. அந்த அலை கொஞ்சம் ஏரியல் வழியாக வெளியே கசியும். பக்கத்து வீட்டு முள் 740-ஐத் தாண்டும்போது அந்த செட்டின் அலை 1195-ஐத் தாண்டும். இவர் கேட்டுக்கொண்டிருக்கிற திருநெல்வேலி 1197. இரண்டும் உரசும் இடத்தில் விசில் பிறக்கும்.

பெரியப்பா அந்தக் கசிவையே கருவியாக்கிக்கொண்டவர். ஊமையாகிப்போன செட் ஒன்று வந்தால் மீட்டரை எடுக்கும் முன் ஒரு நல்ல டிரான்சிஸ்டரைத் திருநெல்வேலியில் வைத்துப் பக்கத்தில் நிறுத்துவார். பிறகு ஊமைச் செட்டின் முள்ளை 740 பக்கம் மெல்லத் திருப்புவார். நல்ல செட்டில் விசில் கேட்டால், ஊமைச் செட்டின் ஆசிலேட்டர் உயிரோடு இருக்கிறது, கோளாறு அதற்குப் பின்னால் என்று அர்த்தம். விசில் இல்லையென்றால் முன்பகுதியைத் தோண்ட வேண்டும். அரை நிமிஷ வேலை. ஆசிலேட்டர் என்றால் என்னவென்று நான் புரிந்துகொண்டது அந்த விசிலைக் காதால் கேட்டுத்தான். புத்தகம் பிறகு வந்தது.

டிவி விஷயத்தில் மதுரைக்கு ஒரு தனிக்கதை உண்டு. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இல் ஆரம்பித்தாலும் அந்த அலை இங்கே எட்டாது. தென்மாவட்டங்களில் முதலில் டிவி வாங்கியவர்கள் நம்பியது இலங்கையை. ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியது. பிதுருதாலகாலா மலை உச்சியிலிருந்து வருகிற அலை, வானிலை ஒத்துழைத்த இரவுகளில் கடலைத் தாண்டி இதுவரைக்கும் வரும். அதைப் பிடிக்க மொட்டை மாடியில் உயரமான இரும்புக் குழாய், நாலு பக்கமும் இழுவைக் கம்பி, உச்சியில் தென்கிழக்கைப் பார்த்து ஆண்டெனா, அதன் கழுத்தில் பூஸ்டர். படத்தைவிடப் புள்ளிதான் அதிகம். ஆனாலும் பார்த்தார்கள். 1980-களின் பின்பாதியில் கொடைக்கானல் உச்சியில் தூர்தர்ஷன் கோபுரம் வந்ததும், அத்தனை ஆண்டெனாக்களையும் நேர் எதிர்த்திசைக்கு, வடமேற்குப் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் எங்கள் தொழிலில் இருந்தவர்கள் தரையில் நின்ற நேரத்தைவிட மாடியில் நின்ற நேரம் அதிகம்.

பூஸ்டர்தான் அடுத்த வம்பு. ஆண்டெனா பிடித்த பலவீனமான அலையைப் பெருக்கிக் கீழே அனுப்புகிற சின்னத் தகர டப்பா அது. கீழேயிருந்து அதே கேபிளில் அதற்குக் கரண்ட் போகும். மழைத் தண்ணீர் இறங்கினாலோ, வயரின் வலை சரியாகப் பிடிக்காமல் போனாலோ, பூஸ்டர் தான் பெருக்கியதையே திரும்ப வாங்கிப் பெருக்க ஆரம்பிக்கும். அப்போது அது வாங்குகிற கருவியாக இல்லாமல் ஒலிபரப்புகிற கருவியாக ஆகிவிடும். தெருவில் எல்லா வீட்டுப் படத்திலும் குறுக்கே கோடு. ஒவ்வொருவரும் தங்கள் செட் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

இந்தக் கோளாறை ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. பெரியப்பா செய்தது இது. தெரு நடுவில் ஒரு வீட்டைத் தேர்ந்து, அந்த வீட்டு டிவியைத் திண்ணையிலிருந்து தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வார். நான் வீடு வீடாகப் போய், ‘அத்தை, உங்க பூஸ்டரைக் கொஞ்சம் அமத்துங்க’ என்று சொல்லிவிட்டு ஓடி வந்து திண்ணையைப் பார்ப்பேன். மாற்றமில்லை என்றால் திரும்பப் போடச் சொல்லி அடுத்த வீடு. எந்த வீட்டில் அணைத்ததும் தெரு முழுக்கப் படம் தெளிகிறதோ, அதுதான் வீடு. அந்த வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். ஏனென்றால் பல சமயம் அவர் செட்டில் படம் ஒன்றும் அவ்வளவு மோசமாக இருந்திருக்காது. ‘என் படம் நல்லாத்தானே தெரியுது, எதுக்குய்யா என் கம்பத்துல ஏர்ற’ என்பார். அவரைச் சமாதானப்படுத்துவது கம்பத்தில் ஏறுவதைவிடக் கஷ்டம். பெரியப்பா அதற்குக் காசு வாங்க மாட்டார். தெருவே நாளைக்கு நம்மிடம்தான் வரும் என்பது அவர் கணக்கு.

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலத்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. டெக்கிலிருந்து படம் ஒரு சேனல் அலையாகவே டிவிக்குப் போகும். ஆண்டெனா வயரையும் டெக் வயரையும் வெறுமனே முறுக்கி ஒன்றாகச் சொருகிவிட்டால், படம் டிவிக்கும் போகும், மாடி ஆண்டெனாவுக்கும் போகும். அடுத்த வீட்டு டிவியில் மங்கலாக, சத்தத்தோடு, அதே படம். இதைப் பழுது என்று யாரும் புகார் சொன்னதில்லை. வாடகை கொடுத்தவர் மட்டும் சொல்வார்.

அதுவரை நடந்ததெல்லாம் கசிவு. ரிமோட் வந்த பிறகுதான் ஒரு பெட்டி இன்னொன்றுக்குக் கட்டளை போடுகிற காலம் ஆரம்பித்தது. அமெரிக்காவில் இது நமக்கு ரொம்ப முந்தி. சிகாகோவின் ஜெனித் கம்பெனி 1955-இல் யூஜின் பாலி செய்த ஃப்ளாஷ்மேட்டிக்கை விற்றது. டார்ச் மாதிரி ஒளியை டிவியின் மூலைகளில் இருந்த கண்களில் அடிக்க வேண்டும். ஜன்னல் வழியாக வெயில் அடித்தாலும் அந்தக் கண்களுக்கு அதுவே உத்தரவு. அதனால் அடுத்த வருஷமே அதே கம்பெனியின் ராபர்ட் ஆட்லர் வேறு வழி போனார். ரிமோட்டுக்குள் அலுமினியத் தண்டுகள், பட்டனை அழுத்தினால் சின்னச் சுத்தியல் அதைத் தட்டும், மனிதக் காதுக்கு எட்டாத ஓசை கிளம்பும், டிவி அதைக் கேட்டுச் சேனல் மாற்றும். பேட்டரியே தேவையில்லை. அழகான வேலை. ஆனால் சாவிக்கொத்தைக் குலுக்கினாலும், சில்லறை சிந்தினாலும் அதே உயரத்தில் ஓசை கிளம்பி டிவி கீழ்ப்படியும். மதுரையில் அந்த ரிமோட்டை நான் பார்த்ததில்லை. நம் ஊருக்கு ரிமோட் வந்தபோது அது அகச்சிவப்பு ஒளியாகத்தான் வந்தது. ஆனாலும் ஆட்லர் பட்ட பாட்டிலிருந்துதான் இந்தத் துறை பாடம் படித்தது: வெறும் ஒளியோ ஓசையோ போதாது, அதில் பெயரும் முகவரியும் எழுதி அனுப்ப வேண்டும்.

அப்படி எழுதிய முறைகளில் ஒன்று பிலிப்ஸின் ஆர்சி5. நொடிக்கு 36,000 தடவை துடிக்கிற ஒளியின் மேல் 14 பிட் செய்தி. அதில் 5 பிட் முகவரி, ஆக 32 வகைக் கருவிகள். 0 என்றால் டிவி, 5 என்றால் டெக். இன்னொன்று என்இசி கம்பெனியின் முறை, துடிப்பு 38,000, முகவரிக்கு 8 பிட். கட்டளை தவறாகப் படிக்கப்படாமல் இருக்க அதையே தலைகீழாக்கி இன்னொரு முறையும் அனுப்பும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் இரண்டிலும், ‘நான் டிவி’ என்றுதான் முகவரி சொல்கிறதே தவிர, ‘நான் இந்த வீட்டு டிவி’ என்று சொல்வதில்லை. ஒரே மாடல் டிவி எதிரெதிர் வீட்டில் இருந்தால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் தலையாட்டும். 2006-க்குப் பிறகு தமிழக அரசு 14 இஞ்ச் கலர் டிவியை வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தபோது, லைன் வீடுகளில் ஒரே மாதிரி செட்கள் வரிசையாக உட்கார்ந்தன. வாசற்கதவைத் திறந்து போட்டிருக்கிற சாயங்காலத்தில் இந்த வீட்டுப் பையன் சேனல் மாற்றினால் எதிர்வீட்டுச் சீரியல் மாறும். கதவோரம் கெட்டியான ஒரு திரைச்சீலை போட்டால் தீர்ந்தது. ஒளி கெட்டித் துணியைத் தாண்டாது. அந்தத் தீர்வைச் சொல்ல மெக்கானிக் தேவையா என்று கேட்கலாம். செட்டைத் திறக்காமலே அது பழுதில்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

ரிமோட்டைச் சோதிக்க இன்றைக்கு எல்லோரும் செல்போன் கேமராவைக் காட்டுகிறார்கள். பட்டனை அழுத்தினால் கேமராவில் ஊதா நிறத்தில் ஒளி மினுங்கும். அந்த வசதி வருவதற்கு முன் நாங்கள் மறுபடியும் பழைய டிரான்சிஸ்டரிடம்தான் போனோம். மீடியம் வேவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, ரிமோட்டை அதன்மேல் ஒட்டிப் பிடித்து அழுத்தினால் ‘டிர்ர்ர்’ என்று கேட்கும். கேட்டால் சிப் வேலை செய்கிறது. கையில் ஒருவரும் அழுத்தாதபோதே அந்த டிர்ர் கேட்டால், உள்ளே ஒரு பட்டன் சிக்கிக்கொண்டு இடைவிடாமல் கத்துகிறது என்று அர்த்தம். தானாக டிவி ஓடுகிறது, தானாகச் சத்தம் ஏறுகிறது என்று வந்த புகார்களில் இதுவே அதிகம். சோபா இடுக்கில் விழுந்து, ஓரம் அமுங்கிக் கிடக்கிற பழைய ரிமோட்.

சிஎஃப்எல் பல்பு பரவிய நாட்களில் வேறு மாதிரி. அந்தப் பல்புக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் சோக் பல்லாயிரம் துடிப்பில் ஓடுவதால் அதன் ஒளியும் ரிமோட்டின் வேகத்துக்குக் கிட்டத்தட்டத் துடித்தது. அது பொய்க் கட்டளை போடுவது அபூர்வம், ஆனால் உண்மைக் கட்டளையை டிவியின் காதில் விழாமல் அடித்துவிடும். ‘ராத்திரியானா ரிமோட் வேலை செய்யல’ என்று யாராவது சொன்னால் முதலில் பல்பைத்தான் பார்ப்போம்.

இன்னொரு தொல்லை மலிவு விலைச் சாமான்களில் வந்தது. முகவரி இடத்தில் பலரும் சுழியத்தையே போட்டுவிட்டுச் சரக்கை இறக்கினார்கள். டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய சீரியல் விளக்கின் ரிமோட், ஸ்பீக்கரையும் எழுப்பும். இப்போதைய பிஎல்டிசி ஃபேன்களிலும் ஹாலில் ஒரே கம்பெனி ஃபேன் இரண்டு மாட்டினால், ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் சுற்றுகிற கதை அடிக்கடி வருகிறது.

இடையில் கரண்ட் கட். 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாத காலம். ஸ்விட்ச் போர்டில் அணைக்காமல் ரிமோட்டில் மட்டும் அணைத்துப் பழகிய வீடுகளில், படம் ஓடும்போது போன கரண்ட் நடு இரவில் திரும்பியதும் டிவி பாட்டுப் பாடும். கடைசியாக என்ன நிலையில் இருந்ததோ அதை ஞாபகம் வைத்து எழும்பச் சொல்லி உள்ளே எழுதியிருப்பார்கள். சில செட்களில் அது மெனுவில் ஓர் அமைப்பு, சிலவற்றில் மெக்கானிக்குக்கு மட்டும் திறக்கும் பக்கத்தில் இருக்கும்.

இத்தனையும் சின்ன வம்புகள். உண்மையான திருப்பம் ஒரு வயரில் வந்தது. எச்டிஎம்ஐ என்ற அந்தக் கேபிளின் முதல் விதிமுறை 2002 டிசம்பரில் வெளியானது. சோனி, பானாசோனிக், தோஷிபா, ஹிட்டாச்சி, பிலிப்ஸ், தாம்சன், சிலிக்கான் இமேஜ் என்ற ஏழு கம்பெனிகள் சேர்ந்து செய்தார்கள். அதில் 19 பின். படமும் சத்தமும் போகிற பின்களை எல்லோரும் அறிவார்கள். 13-ஆவது பின்னில் படமும் இல்லை, சத்தமும் இல்லை. அதில் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பெயர் சிஇசி.

இந்த யோசனை ஐரோப்பாவில் பழையது. பிரான்ஸில் 1970-களில் வந்த ஸ்கார்ட் என்ற பெரிய பிளக்கில், டெக்கை ஓடவிட்டாலே டிவி தானாக அந்தப் பக்கம் மாற ஒரு பின் இருந்தது. பிறகு அதை வளர்த்து ஒரு மொழியாக்கினார்கள். நம் பக்கம் அந்த பிளக் பரவவில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்தான் நாம் சொருகியது. அந்த வயர்களுக்குப் பேசத் தெரியாது. அதனால் மதுரையில் ஒரு மெக்கானிக்குக்கு, ஒரு கேபிள் தன் வழியாக ‘எழுந்திரு’ என்று சொல்லும் என்பது முன்னனுபவமே இல்லாத விஷயம்.

சிஇசி ரொம்ப மெதுவான மொழி. நொடிக்கு ஏறக்குறைய 400 பிட்தான். ஒரே ஒரு கம்பி, அதில் எல்லாக் கருவிகளும் சேர்ந்து தொங்குகின்றன. டிவிக்கு 0-ஆம் நம்பர். செட்டாப் பாக்ஸ் 3, படம் ஓட்டுகிற கருவி 4, ஆடியோ 5. 15-ஆம் நம்பருக்கு அனுப்பினால் வீட்டில் உள்ள அத்தனைக்கும் கேட்கும். ‘படத்தைக் காட்டு’ என்று ஒரு செய்தி உண்டு, டிவி தூங்கினாலும் எழும்பும். ‘இனி நான்தான் ஓடுகிறேன்’ என்று ஒரு செய்தி உண்டு, டிவி அந்தப் பக்கம் மாறும். ‘தூங்கு’ என்று ஒன்று உண்டு. அதை டிவி 15-க்கு அனுப்பினால் எல்லாம் படுத்துவிடும்.

இதே ஒரு மொழிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்தது. சாம்சங் எனிநெட்+, எல்ஜி சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க், பானாசோனிக் வியரா லிங்க், பிலிப்ஸ் ஈஸிலிங்க். சிஇசி என்ற பெயரை மெனுவில் தேடினால் பல செட்களில் கிடைக்காது. எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. ரிமோட்டில் பட்டன் தேய்ந்தால் கூட மக்களுக்குப் புரியும். தங்கள் வீட்டில் இருக்கிற ஒரு கம்பி எந்தப் பெயரில், எந்தப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு கட்டளை போடுகிறது என்பதை வீட்டுக்காரரே தெரிந்துகொள்ள முடியாதபடி செய்வது சரியில்லை.

திருநகரில் ஒரு டீச்சரம்மா. ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வாங்கி அனுப்பிய பெரிய டிவி, சவுண்ட்பார், நெட்டில் படம் பார்க்கிற ஸ்டிக், கூடவே செட்டாப் பாக்ஸ். நடுராத்திரியில் டிவி தானாகப் போட்டுக்கொள்கிறது, ஹால் முழுக்க வெளிச்சம். பக்கத்து வீட்டுக்காரர், பேயோ என்னவோ என்று பாண்டி கோயிலுக்குப் போய்வரச் சொல்லியிருக்கிறார். டீச்சரம்மாவும் போய்வந்தார். கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து பார்த்து, செட்டில் ஒன்றுமில்லை, வேண்டுமானால் போர்டு மாற்றலாம் என்று ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ‘தம்பி, எனக்குப் பயமெல்லாம் இல்ல. ஆனா இது ஏன்னு தெரிஞ்சாகணும்’ என்றார். கணக்கு டீச்சர்.

நான் செட்டைத் திறக்கவில்லை. டிவிக்குப் பின்னால் போய், எந்த வயர் எந்த ஓட்டையில் என்று பார்த்துப் பிளாஸ்டர் ஒட்டிப் பேனாவால் எழுதினேன். பிறகு பூஸ்டர் காலத்து முறைதான். ஒரு ராத்திரிக்கு ஒரு வயரை மட்டும் கழற்றி வைக்கச் சொன்னேன். கழற்றினால் முழுசாகக் கழற்ற வேண்டும். கருவியை அணைத்து வயரை அப்படியே விட்டால் பலனில்லை, ஏனென்றால் தூங்குகிற கருவியும் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். சில சமயம் கெட்டுப்போன கருவி ஒன்று அந்தக் கம்பியையே கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றவற்றின் பேச்சையும் குழப்பும். டீச்சரம்மா ஒரு நோட்டில் தேதி போட்டு, எந்த வயர் வெளியே, டிவி எழும்பியதா இல்லையா என்று எழுதி வைத்தார். பாக்ஸ் வயர் வெளியே இருந்த இரவிலும் எழும்பியது. சவுண்ட்பார் வெளியே இருந்தபோதும் எழும்பியது. ஸ்டிக்கைக் கழற்றிய இரவுகளில் எழும்பவில்லை.

ஸ்டிக் இரவில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு மறுபடி கிளம்புகிறது. கிளம்பும்போது ‘படத்தைக் காட்டு’ என்று டிவிக்குச் சொல்கிறது. டிவி விசுவாசமாக எழும்புகிறது. டிவி எழும்பினால் சவுண்ட்பாரும் எழும்புகிறது. மூன்றுமே சொன்ன வேலையைச் சரியாகச் செய்தன. போர்டு மாற்றியிருந்தால் புது போர்டும் அதையே செய்திருக்கும்.

சிஇசி-யை ஒரேயடியாக அணைத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இலிருந்து டிவியின் சத்தமே அதே கேபிளில் திரும்பி சவுண்ட்பாருக்குப் போகிறது. அந்த ஏற்பாட்டுக்கு ஏஆர்சி என்று பெயர். பெரும்பாலான செட்களில் சிஇசி இருந்தால்தான் ஏஆர்சி ஓடும். மொத்தமாக அணைத்தால் சவுண்ட்பார் ஊமையாகும். அதனால் டிவி மெனுவில் உள்ளே உள்ளே போய், ‘மற்ற கருவி டிவியைப் போடலாம்’ என்ற ஒன்றை மட்டும் அணைத்தேன். டிவியை அணைத்தால் மற்றவையும் அணையட்டும் என்பதை அப்படியே விட்டேன். அது அவருக்கு வசதி. அந்தத் தனி அமைப்பு இல்லாத செட்களில் ஸ்டிக்கின் மெனுவில் அணைக்கலாம். அதுவும் இல்லையென்றால் 13-ஆவது பின் மட்டும் இல்லாத சின்ன அடாப்டர் கிடைக்கிறது, அதை ஸ்டிக்குக்கும் டிவிக்கும் நடுவில் சொருகலாம். படம் போகும், பேச்சு நிற்கும். சத்தத்துக்கு ஆப்டிகல் வயர் போட்டுவிட்டு சிஇசி-யை முழுசாக அணைப்பது இன்னொரு வழி.

இந்த வேலைக்கு நான் எவ்வளவு கேட்பது? பாகம் எதுவும் மாற்றவில்லை, ஈயம் உருக்கவில்லை. எங்கள் தொழிலில் இருக்கிற இன்றைய சிக்கல் இதுதான், இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். வால்வு ரேடியோ காலத்தில் மெக்கானிக் வீட்டுக்குப் போனார், ஏனென்றால் ஏரியலும் எர்த்தும் வீட்டில் இருந்தன. ஷட்டர் வைத்த மரப்பெட்டி டிவி காலத்தில் வீட்டுக்குப் போனார், ஏனென்றால் பெட்டியைத் தூக்க முடியாது. கலர் டிவி சின்னதாகி, பிறகு தட்டையாகி, பெட்டி கடைக்கு வரத் தொடங்கியது. பிறகு கடையும் போய், போர்டைக் கழற்றிப் போர்டைப் போடுகிற சர்வீஸ் சென்டர் வந்தது. பழுது என்றால் ஒரு பெட்டிக்குள் இருப்பது, பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகக்கூடியது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். இந்த ரோட்டில் நான் சிறுவனாக இருந்தபோது இருந்த ரிப்பேர் கடைகள் பல இன்று செல்போன் கவர் விற்கின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தட்டை டிவியின் பேனல் போனால் பேனல் விலையே புது டிவி விலையில் பாதியாவது வந்துவிடுகிறது, யார் ரிப்பேர் பார்ப்பார்கள்.

ஆனால் இரண்டு பெட்டிக்கு நடுவில் இருக்கிற கோளாறைக் கடைக்குக் கொண்டுவர வழியே இல்லை. டிவியை மட்டும் கொண்டுவந்தால் அது ஒழுங்காக இருக்கும். ஸ்டிக்கை மட்டும் கொண்டுவந்தால் அதுவும் ஒழுங்கு. அந்த வீடும், அந்த இடமும், அந்த ராத்திரியும் இருந்தால்தான் கோளாறு இருக்கும். கருவிகள் ஒன்றோடொன்று பேசுகிற காலம் வளர வளர, வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, கேட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிற ஆள் மறுபடி தேவைப்படுகிறான். அந்த உழைப்புக்குக் கூலி கொடுக்கும் பழக்கம் மட்டும் நடுவில் விட்டுப்போய்விட்டது. டாக்டரிடம் மாத்திரை இல்லாமல் திரும்பினாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். கோளாறு கண்டுபிடித்ததற்கான கூலி என்று நான் தனியாக ஒரு தொகை சொல்கிறேன், வேலைக்கு முன்பே சொல்கிறேன். டீச்சரம்மா மறு பேச்சில்லாமல் கொடுத்தார். எல்லோரும் கொடுப்பதில்லை.

தொழில் கற்க வருகிற பையன்களுக்கு நான் இப்போது முதலில் காட்டுவது சால்டரிங் அயர்ன் இல்லை. ஒரு பழைய டிரான்சிஸ்டர், ஒரு பிளாஸ்டர் சுருள், ஒரு நோட்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் எதையும் தொடாதே, எது எப்போது எழும்புகிறது என்று வீட்டில் இருக்கிறவர்களிடம் முதலில் கேள். வேலைக்காரம்மாவிடமும் கேள், பல சமயம் அவர்தான் பார்த்திருப்பார். காணாமல்போன ரிமோட் எத்தனை என்று கேட்டு, சோபாவைக் கவிழ்த்துப் பார். ஒவ்வொரு வயருக்கும் பெயர் எழுதி ஒட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்று, இரண்டைக் கழற்றினால் எது காரணம் என்று தெரியாது. மெனுவில் எதை மாற்றினாயோ அதைத் தமிழில் எழுதி டிவியின் முதுகில் ஒட்டிவிட்டு வா. அடுத்து வருகிற மெக்கானிக் நீயாக இல்லாமல் இருக்கலாம்.